இரவு 1 மணி வரை நாவல், கட்டுரையில் 6க்கு 2: நேரம் எங்கே போகிறது?

கேள்வி: டெக்சாஸில் டல்லஸ் பக்கம் இருக்கிறோம். மகள் 12ஆம் வகுப்பு படிக்கிறாள். ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) இங்கிலீஷ் லிட்டரேச்சர் எடுத்திருக்கிறாள், அதோடு இன்னும் மூன்று ஏ.பி. பாடங்கள். தினமும் இரவு 1 மணி வரை நாவலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் வகுப்பில் நேரம் வைத்து எழுதும் கட்டுரையில் 6க்கு 2, மிஞ்சினால் 3. தெரிந்தவர் மூலமாக வந்த ஒரு ட்யூட்டர், ஏ.பி. தேர்வில் "5 வாங்குவது உறுதி, வாங்காவிட்டால் பணம் வாபஸ்" என்கிறார் (1 முதல் 5 வரை மதிப்பெண், 5தான் உச்சம்). சேர்க்கலாமா, இல்லை பாடத்தையே விட்டுவிடலாமா? நான் திருநெல்வேலியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கில இலக்கியத்தில் அவளுக்கு எப்படி உதவுவது என்றே தெரியவில்லை.

பதில்:

ட்யூட்டருக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். பாடத்தையும் விட வேண்டாம். உங்கள் மகளிடம் உழைப்புக் குறைவு இல்லை. உழைப்பு தவறான இடத்தில் போகிறது, அவ்வளவுதான். 6க்கு 2 என்று நீங்கள் எழுதியதை வைத்தே அது எந்த இடம் என்று சொல்லிவிடலாம்.

அந்த 6 மதிப்பெண் மூன்றாகப் பிரியும். கேள்விக்கு நேரான ஒரு கருத்தைத் தெளிவாக முன்வைத்தால் 1. அந்தக் கருத்துக்கு நூலிலிருந்து சான்று காட்டி, சான்று எப்படிக் கருத்தைத் தாங்குகிறது என்று விளக்கினால் 4 வரை. சிந்தனையில் ஆழமோ நடையில் முதிர்ச்சியோ தெரிந்தால் இன்னொரு 1. கருத்துக்கு 1 வாங்கிவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் கதையைச் சுருக்கி எழுதும் பிள்ளைக்கு அந்த 4இல் 1தான் கிடைக்கும். ஆக மொத்தம் 2. உங்கள் மகள் கதையை நன்றாகப் படித்துவிட்டு, படித்த கதையைத் திருப்பிச் சொல்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கட்டுரைகளை வாங்கிப் பாருங்கள். "அப்புறம் அவன் அங்கே போனான், அப்போது அவள் இதைச் சொன்னாள்" என்கிற ரீதியில் பாதிப் பக்கம் போனால் நான் சொல்வது சரி.

நம் ஊரில் படித்த பெற்றோருக்கு இதில் ஒரு பழைய பழக்கம் குறுக்கே வரும். தமிழ்ப் பரீட்சையில் அணியின் பெயரைச் சொல்லி, இலக்கணம் எழுதி, பாட்டோடு பொருத்திக் காட்டினால் மதிப்பெண் முழுசாக வரும். இங்கே "இது உருவகம்" என்று பெயர் சொல்வதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. அந்த உருவகம் அந்த இடத்தில் இல்லாவிட்டால் பாட்டில் எது குறைந்துபோகும் என்று சொன்னால்தான் மதிப்பெண். கலைச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்பு எதுவானாலும் பிள்ளையை விலக்கி வையுங்கள்.

இனி நேரக் கணக்கு. தேர்வு மே மாதம், மொத்தம் 3 மணி நேரம். முதல் 60 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள், அதற்கு 45 சதவீதம். அடுத்த 2 மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள், அதற்கு 55 சதவீதம். ஒரு கட்டுரை கொடுக்கப்பட்ட கவிதை மீது, ஒன்று கொடுக்கப்பட்ட உரைநடைப் பகுதி மீது, ஒன்று மட்டும் அவள் முன்பே படித்த நாவல் அல்லது நாடகம் மீது. பார்த்தீர்களா? இரவு 1 மணி வரை மல்லுக்கட்டும் அந்த நாவல் நேரடியாகக் கைகொடுப்பது மூன்றில் ஒரு கட்டுரைக்கு மட்டும். மற்றதெல்லாம் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணில் படும் பகுதிகள். 55 வினாக்கள் ஐந்து பகுதிகளிலிருந்து வரும், அவற்றில் குறைந்தது இரண்டு கவிதை. கவிதைக்கு உங்கள் மகள் வாரத்தில் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறாள் என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வகுப்பில் படித்ததோடு சரி என்பார்கள்.

நாவலை அவளுடைய வேகத்தை அளந்து பங்கு போடுங்கள். ஒரு நாள் கடிகாரத்தை வைத்து 20 பக்கம் படிக்கச் சொல்லுங்கள். 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 280 பக்க நாவல் 14 அமர்வு, மொத்தம் 9 மணி 20 நிமிடம். வாரம் ஐந்து நாள் என்றால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு அமர்வு முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து ஐந்து வரி எழுத வேண்டும். என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரி போதும். மீதி நான்கும் "இது ஏன் இப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது" என்பதற்கு. ஒரு பக்கத்தை இரண்டு தடவை படிப்பதும் வரிக்கு வரி கோடு போடுவதும் வேண்டாம். பக்கத்துக்கு இத்தனை ஓரக்குறிப்பு என்று எண்ணி மதிப்பெண் போடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். எண்ணிக்கைக்காக ஓரத்தை நிரப்பும் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதே மறந்துவிடும். இதைப் பல வருடமாகப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு ஆசிரியரும் பிள்ளைக்குத் தன் பாடம் ஒன்றுதான் இருப்பது போல வீட்டுப்பாடம் தருகிறார். நான்கு ஏ.பி. பாடங்களுக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றாலே மாலை முழுக்கத் தீர்ந்தது. நான்கு ஆசிரியர்களும் ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் தீரும் விஷயம். பேசுவதில்லை. இத்தனைக்கும் இந்தப் பாடத்துக்குக் கட்டாய நூல் பட்டியல் என்று எதையும், தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு வைக்கவில்லை. ஆறு நூல் ஆழமாகப் படித்தால் போதும் என்கிற இடத்தில் பத்து நூலைத் திணிப்பது பள்ளியின் முடிவு.

இப்போது உங்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வருகிறேன். நிறைய முடியும். தமிழ் மீடியம் என்பதைக் குறையாகச் சொன்னீர்கள், அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. சங்கப் பாட்டு ஒன்றைப் படிக்கும்போது உங்கள் தமிழாசிரியர் முதலில் என்ன சொன்னார்? திணை, துறை, கூற்று. தலைவி கூற்றா, தோழி கூற்றா, யாரை நோக்கிச் சொல்வது, எந்தச் சூழலில். அது தெரியாமல் பாட்டுக்குள் நுழையவே முடியாது. குறுந்தொகையில் "தலைவன் சிறைப்புறத்தானாக" என்று துறைக்குறிப்பு வரும் பாட்டுகள் உண்டு. தோழி பேசுவது தலைவியிடம், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் தலைவன் நிற்கிறான், பேச்சு உண்மையில் அவன் காதில் விழுவதற்காக. கல்யாணத்தை ஏன் தள்ளிப்போடுகிறாய் என்று அவனிடம் நேராகக் கேட்காமல் கேட்பது. இதைப் புரிந்துகொண்டவருக்கு, ஏ.பி. பாடத்திட்டம் பெரிய பகுதியாக வைத்திருக்கும் 'கதைசொல்லி' என்ற விஷயம் புதிதல்ல.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மேரி ஷெல்லியின் 1818 நாவல் ஃபிராங்கன்ஸ்டைன் பல பள்ளிகளில் பாடம். விஞ்ஞானி ஓர் உருவத்தை உண்டாக்கினான், கைவிட்டான், அது பழிவாங்கியது என்று இணையச் சுருக்கம் நாலு பத்தியில் சொல்லிவிடும். ஆனால் நாவல் அப்படித் தொடங்கவே இல்லை. வட துருவத்தை நோக்கிக் கப்பலில் போகும் வால்டன் என்பவன் தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்களாகத் தொடங்குகிறது. வால்டனிடம் விக்டர், அதாவது அந்த விஞ்ஞானி, தன் கதையைச் சொல்கிறான். அந்தக் கதைக்குள்ளே, விக்டரிடம் அந்த உருவம் தன் கதையைச் சொல்கிறது. அப்படியானால் அந்த உருவத்தின் குரல் நமக்கு வந்து சேர்வது விக்டர் வாய் வழியாக, வால்டன் பேனா வழியாக. அந்த உருவத்தை எப்படியாவது வெறுக்க நினைக்கும் விக்டர் திருப்பிச் சொல்லியும் அதன் பேச்சு நம் மனதை உருக்குகிறது என்றால், அதற்கு என்ன பொருள்? கடிதத்தைப் பெறும் அக்காவோ நாவல் முழுக்க ஒரு வரி பதில் எழுதவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பத்தி எழுதும் பிள்ளைக்கு அந்த 4இல் 3 தாராளமாக வரும்.

அதனால் சாப்பிடும்போது மூன்றே கேள்வி கேளுங்கள், தமிழிலேயே. "இன்றைக்குப் படித்ததில் யார் பேசுகிறார்? யாரிடம்? வேலிக்கு அந்தப் பக்கம் யார் நின்று கேட்கிறார்?" அவள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பதில் சொல்லட்டும். பதில் சொன்ன பிறகு "அதை எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கில இலக்கியம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இணையச் சுருக்கங்களைப் படிக்கவே கூடாது என்பது என் கட்டளை. அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அது ஷேக்ஸ்பியர். ஷேக்ஸ்பியர் நாடகம் என்றால் கதைச் சுருக்கத்தை முதலிலேயே படித்துவிடலாம், படிக்கத்தான் வேண்டும். அவருடைய பல நாடகங்கள் அன்றைய மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதைகள். நம் ஊரில் கதை தெரியாமல் யாரும் கூத்துப் பார்க்கப் போவதில்லையே, அது போலத்தான். அதோடு நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம், கண்ணால் படிப்பதற்கு அல்லாமல் காதால் கேட்பதற்கு எழுதப்பட்டது. ஆகவே சுருக்கம், அப்புறம் நடிப்பு, அப்புறம் நூல். ஹேம்லெட் பாடமாக இருந்தால், வசனத்தை வெட்டாமல் எடுத்த கென்னத் பிரனாவின் 1996 படம் இருக்கிறது, நான்கு மணி நேரம் ஓடும். ஒரு அங்கம் பார்த்துவிட்டு அந்த அங்கத்தைப் படிக்கட்டும், ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். ஆனால் இது ஷேக்ஸ்பியருக்கு மட்டும். "நாவலும் பழைய ஆங்கிலம்தானே" என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். இல்லை. 19ஆம் நூற்றாண்டு நாவலின் வாக்கியம் நீளம்தான், மொழி இன்றைய மொழிதான். அதற்குச் சுருக்கம் படித்தால் நாவல் தரும் ஐயமும் காத்திருப்பும் போய்விடும், கட்டுரைக்கு எழுத விஷயமே அந்த ஐயத்தில்தான் இருக்கிறது.

இப்போது அந்த ட்யூட்டர். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "5 உறுதி" என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்வு முடிவு ஜூலையில் வரும், பணம் அதற்குப் பல மாதம் முன்பே அவர் கைக்குப் போயிருக்கும். "வாபஸ்" ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு வகுப்பைத் தவறவிட்டாலோ ஒரு வீட்டுப்பாடம் தாமதமானாலோ உத்தரவாதம் செல்லாது என்று எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும். என்னிடம் பெற்றோர் கொண்டுவந்து காட்டிய ஒப்பந்தங்களில் அப்படித்தான் இருந்தது. அடுத்து, "ரகசிய வினாத்தாள் தொகுப்பு" என்று விற்பார்கள். முந்தைய வருடங்களின் கட்டுரை வினாக்கள், மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகள், எதற்கு எத்தனை மதிப்பெண், ஏன் என்ற விளக்கம் எல்லாவற்றையும் காலேஜ் போர்டே தன் ஏ.பி. சென்ட்ரல் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அதை அச்செடுத்துச் சுருள் கம்பி போட்டுக் காசுக்கு விற்கிறார்கள். மூன்றாவது, அந்தக் கடைசி 1 மதிப்பெண்ணுக்கென்று கடினமான சொற்களும் ஆயத்த வாக்கியங்களும் தருவார்கள். அந்த மதிப்பெண் எளிதில் கிடைக்காதது. ஆயத்த வாக்கியத்துக்குக் கிடைக்கவே கிடைக்காது. நான்கு மதிப்பெண் சும்மா கிடக்கும்போது அந்த ஒன்றைத் துரத்துவது ஏன்?

எல்லாவற்றையும் விட மோசம், வீட்டுக் கட்டுரையைத் "திருத்தித் தருகிறேன்" என்று தாங்களே எழுதிக் கொடுப்பவர்கள். இப்போது அவர்களும் ஏ.ஐ.யில் போட்டு எடுத்துத் தருகிறார்கள். வகுப்பு மதிப்பெண் ஏறும். மே மாதம் பிள்ளை தனியாக உட்காரும்போது கையில் எதுவும் இருக்காது. பள்ளியில் பிடிபட்டால் அதன் விளைவைச் சுமப்பதும் பிள்ளைதான், ட்யூட்டர் அல்ல.

பாடத்தை விடுவது பற்றிக் கேட்டீர்கள். வகுப்பில் இருப்பதும் தேர்வு எழுதுவதும் வேறு வேறு. தேர்வுக்குப் பதிவு செய்ய வழக்கமான கெடு நவம்பர் நடுவில் வரும், அதற்குப் பிறகு என்றால் கூடுதல் கட்டணம். 5 வாங்கினால் எல்லாக் கல்லூரியும் கிரெடிட் கொடுக்கும் (அங்கே படித்த பாடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்) என்றும் நினைக்க வேண்டாம். சில இடத்தில் 3 போதும், சில இடத்தில் 5க்கும் கிடையாது. அவள் விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளின் தளத்தில் பத்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதா என்று முடிவெடுங்கள்.

அதுவரை வாரத்தை இப்படி வையுங்கள். ஐந்து நாள் நாவலுக்கு 40 நிமிடம். அதில் மூன்று நாள் கூடவே 15 நிமிடம் ஒரு கவிதை, வாய்விட்டு, மூன்று தடவை. சனிக்கிழமை காலை ஒரு பழைய வினா, 40 நிமிடம் கடிகாரம் வைத்து: 10 நிமிடம் படித்துத் திட்டமிட, 25 எழுத, 5 திருத்த. கணினியில் தட்டச்சு செய்யட்டும், ஏனென்றால் 2025 முதல் தேர்வு முழுவதும் ப்ளூபுக் செயலியில்தான். எழுதியதை ஏ.பி. சென்ட்ரல் தளத்தின் மாதிரி விடைகளோடு ஒப்பிட்டு அவளே மதிப்பெண் போடட்டும். கொள்குறிப் பயிற்சிக்கு, காலேஜ் போர்டின் பயிற்சித் தளமான ஏ.பி. கிளாஸ்ரூமில் வினாக்கள் இருக்கின்றன, ஆசிரியர் திறந்துவிட்டால்தான் தெரியும். திறக்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள்.

இரவு 11 மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். பாதி அத்தியாயத்தில் நின்றாலும் பரவாயில்லை. நான்கு சனிக்கிழமை கழித்து முதல் கட்டுரையையும் நான்காவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதைச் சுருக்கம் குறையவே இல்லையென்றால், இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் அவளுடைய ஆசிரியரிடம் போங்கள்.