மரவேலை கேள்வி-பதில்: பலகை ஏன் வளைகிறது, நார் ஏன் பிய்கிறது?

கேள்வி: மேசை செய்வதற்கு வன்மரம்தான் ஏற்றது என்கிறார்கள். பைன் மென்மரம் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டுமா?

பதில்: வன்மரம், மென்மரம் என்பது தாவரவியல் பிரிவே தவிர, உறுதிக்குக் கொடுத்த மதிப்பெண் அல்ல. பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்கள் வன்மரங்கள். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரங்கள். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் பால்சா இந்தக் கணக்கில் வன்மரம்! பைன் மேசை பல ஆண்டுகள் உழைக்கும். மேற்பரப்பில் தழும்புகள் விழும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வண்ணம் பூசுவதற்கு முன் கணுக்களின் மேல் அரக்குக் கரைசலை இரண்டு முறை தடவிவிடுங்கள். இல்லையெனில் கணுவிலுள்ள பிசின் கசிந்து, சில மாதங்களில் மஞ்சள் வட்டமாக வெளியே தெரியும்.

கேள்வி: நன்கு காய்ந்தது என்று சொல்லிக் கொடுத்த பலகை, மூன்றே மாதத்தில் கிண்ணம் போலக் குழிந்துவிட்டது. என்ன மரம் வாங்கியிருக்க வேண்டும்?

பதில்: என்ன மரம் என்பதைவிட, எவ்வளவு காய்ந்தது, எப்படி அறுக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் வரை மரம் அளவில் மாறுவதில்லை. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் செல்சுவர்களில் உள்ள நீர் வெளியேறி மரம் சுருங்கத் தொடங்குகிறது. அந்தச் சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை: மரத்தின் ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, நீளவாக்கில் மிகச் சொற்பம். பலகையின் அறுத்த முனையைப் பாருங்கள். வளையங்கள் வில்லாகப் படுத்திருந்தால், காயக் காயப் பட்டைப் பக்கம் குழியும். செங்குத்தாக நின்றால் பலகை பெரிதும் நேராகவே இருக்கும். அப்படி அறுக்கும்போது மரம் கூடுதலாக வீணாகும் என்பதால், அத்தகைய பலகை எளிதில் கிடைப்பதில்லை.

காய்ந்ததா என்பதை யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பாமல் நீங்களே அளந்துவிடலாம். பலகையின் முனை எப்போதும் சற்றுக் கூடுதலாகக் காய்ந்திருக்கும் என்பதால், நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டை அறுத்து எடை பார்த்து, சூளை அடுப்பில் 103 டிகிரி செல்சியஸில் எடை குறைவது நிற்கும் வரை வையுங்கள். 100 கிராம் துண்டு 84 கிராமாக நின்றால், குறைந்த 16-ஐ 84-ஆல் வகுக்க, ஈரப்பதம் 19 விழுக்காடு என்று வரும். வீட்டுக்குள் வைக்கும் பொருள்களுக்குப் பொதுவாக 8 முதல் 12 வரை இருப்பதே நல்லது. ஆகவே 19 என்று வந்த பலகையை, இடையில் மெல்லிய மரக்குச்சிகள் கொடுத்து அடுக்கி, காற்றோட்டத்தில் மேலும் காயவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை அப்படியே விட்டிருந்தாலும் பலகை குழியும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: மேற்பலகையைக் கால்சட்டத்தோடு பசை போட்டு இறுக்கிவிடலாமா?

பதில்: கூடாது. அகலவாக்கில் பலகை விரிந்து சுருங்க இடம் வேண்டும். சட்டத்தில் நீள்துளை இட்டுத் திருகாணியால் பிடியுங்கள்.

கேள்வி: ஒரு பக்கமிருந்து இழைத்தால் வழவழப்பாக வருகிறது; மறுபக்கமிருந்து இழைத்தால் நார் பிய்கிறது. ஏன்?

பதில்: பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவுவதற்கும், வாலிலிருந்து தலையை நோக்கித் தடவுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. பலகையின் பக்கவாட்டில் நார்க் கோடுகள் எந்தத் திசையில் மேலேறுகின்றனவோ, அந்தத் திசையிலேயே இழைப்புளியைத் தள்ள வேண்டும். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் நார் பின்னிக் கிடக்கும். ஒரு கீற்றில் இப்படியும் அடுத்த கீற்றில் அப்படியும் ஓடுவதால், அவற்றுக்குச் சரியான திசை என்று ஒன்று கிடையாது. அலகைப் புதிதாகத் தீட்டி, எழுத்துத் தெரியும் அளவுக்கு மெல்லிய சீவல் வருமாறு அமைத்துக்கொண்டு, எஞ்சிய இடங்களை எஃகுத் தகட்டால் சுரண்டி எடுப்பதே என் வழக்கம். உப்புத்தாளை அதற்குப் பிறகுதான் தொடுவேன்.

கேள்வி: தேக்கில் ஒட்டிய மூட்டு விட்டுப் போகிறது. பசையை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் பரப்பைக் கவனியுங்கள். தேக்கின் எண்ணெய் மேலே கசிந்து பசையைத் தடுக்கிறது. இழைத்த அன்றே, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதமின்றி ஒட்டுங்கள். தேக்கில் மணற்சத்தான சிலிக்காவும் இருப்பதால் அலகு விரைவில் மழுங்கும்; மழுங்கிய அலகு பரப்பைத் தேய்த்து மெருகேற்றிவிடுவதால் அதுவும் ஒட்டலைக் கெடுக்கும்.

கேள்வி: ஓக் பலகையில் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை படிகிறது.

பதில்: ஓக்கின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை போலக் கறுக்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: புதிய அலமாரியின் அடியில் மாவு போன்ற தூள் கொட்டுகிறது. நல்ல மரம் என்றுதானே வாங்கினோம்?

பதில்: மரம் நல்லதாகவே இருக்கலாம்; ஆனால் பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதியையும் சேர்த்து அறுத்திருப்பார்கள். அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடியே வண்டு வருகிறது. தேக்கிலும்கூட வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான் தாங்குமே அன்றி, வெளிர்ப் பகுதி தாங்காது. துளைகளைத் தட்டித் தூளை முழுதும் உதிர்த்துவிட்டு, அடியில் கறுப்புத் தாளை விரித்து, சில வாரங்கள் அலமாரியை அசைக்காமல் விடுங்கள். தாளில் புதிய தூள் குவிந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தச் சட்டத்தை மாற்றிவிடுவதே நல்லது.