சுரங்க ஊர்களுக்கென்று தனியாகக் கிளை ரயில் பாதை போட்டது ஏன்?

கிளைப் பாதை என்பது பிரதான ரயில் பாதையிலிருந்து பிரிந்து ஓர் ஊரோடு முடிந்துவிடும் பாதை. தெருக் குழாயிலிருந்து ஒரு வீட்டுக்கு மட்டும் இழுத்த இணைப்பு மாதிரி.

கோலார் தங்க வயலை எடுத்துக்கொள்ளுங்கள். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர், 1894-இல் திறந்தது. அப்போது சுரங்க எந்திரங்கள் நீராவியில் ஓடின. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் 1902-இல்தான் வந்தது. அதுவரை வண்டி வண்டியாக நிலக்கரி வேண்டும். சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்க மரம் வேண்டும். மாட்டு வண்டியில் எவ்வளவு இழுக்க முடியும்? அப்புறம் ஆட்கள்: வட ஆற்காட்டுப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். சாம்பியன், கோரமண்டல், ஊரிகம் என்று இன்றும் ஸ்டேஷன் பலகைகளில் இருப்பவை பழைய சுரங்கங்களின் பெயர்கள்தான். பார்க்கும்போது மனசு கனக்கும்.

2001-இல் சுரங்கம் மூடியது. ரயில் நிற்கவில்லை. விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இன்று அதுதான் பிழைப்பு.

தங்கத்தை ஏற்றிப்போகத்தான் இந்தப் பாதை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கமோ மிகக் கொஞ்சம்தான், பாதை தாங்கிய பாரமெல்லாம் உள்ளே வந்த கரியும் மரமும் மனிதர்களும்.