நீல நிற பெட்ரோல்

அன்புள்ள ஐயா,

என் மைத்துனர் தனியார் விமானி உரிமம் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. நான்கு பேர் உட்காரும் சிறிய விமானத்தில் எங்கள் இரண்டரை வயது மகனை அவன் பாட்டியின் பிறந்தநாளுக்கு அழைத்துப்போகிறேன் என்கிறார். குழந்தைக்குக் காது வலிக்குமா? மனைவி பயப்படுகிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வலிக்கலாம், அதுவும் இறங்கும்போது. குழந்தைகளுக்கு நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குறுகலானது. சளி பிடித்திருந்தால் போகவே வேண்டாம். இறங்கத் தொடங்குமுன் எழுப்பிவிட்டு ஏதாவது குடிக்கக் கொடுங்கள். இரைச்சலுக்குக் குழந்தை அளவில் ஹெட்செட் வாங்குங்கள். மடியில் வேண்டாம், குழந்தை இருக்கையில் வைத்து வாரைப் பூட்டுங்கள். விமானம் தூக்கிப்போடும்போது கையால் பிடித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். சரி, காது விஷயம் முடிந்தது.

என்னை உறுத்துவது அந்தப் பிறந்தநாள். அங்கே கேக் காத்திருக்கும், பாட்டி வாசலில் நிற்பார், யாராவது வீடியோ எடுப்பார்கள். இங்கே வானம் கறுத்திருந்தால் உங்கள் மைத்துனர் என்ன செய்வார்?

1996 ஏப்ரலில் ஜெசிக்கா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி, அமெரிக்காவை விமானத்தில் கடக்கப் புறப்பட்டாள். உடன் அப்பாவும், விமானம் ஓட்டக் கற்றுத்தந்த பயிற்சியாளரும். இரண்டாம் நாள் காலை, ஷயான் நகரில், இடியும் மழையும் நெருங்கி வரும்போதே கிளம்பினார்கள். விமானத்தில் அளவுக்கு மீறிய பாரம் வேறு. ஏறிய சற்று நேரத்தில் விழுந்தது; மூவரும் இறந்தார்கள். பயணத் திட்டத்தை விடக்கூடாது என்ற எண்ணமும், ஊடகங்களுக்குக் கொடுத்திருந்த வாக்கும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தன என்று விசாரணை அறிக்கை சொன்னது. ஒரு மணி நேரம் காத்திருக்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்த விஷயம் இது. சிறிய விமானத்தில் நேரம் குறித்துப் போகக்கூடாது. குழந்தையோடு என்றால் அப்படிப் போகவே கூடாது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. நண்பனின் செஸ்னா, சிறிய விமானம். அவன் இறக்கைக்குக் கீழே குனிந்து, ஒரு கண்ணாடிக் குழலில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வெளிர்நீலம். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அப்புறம் நண்பன் அடிவானத்தையே பார்த்தான், போனில் வானிலை அறிக்கையைப் பார்த்தான், "இன்னைக்கு வேணாம்டா" என்றான். எனக்கு வந்த கோபம்! லீவு போட்டிருந்தேன், மாமனாரிடம் சொல்லிவிட்டேன், தலைக்கு மேலே வெயில் அடிக்கிறது. "கோழை" என்ற சொல்லையே சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. மகளைத் தூக்கி முன் இருக்கையில் உட்காரவைத்து, ஹெட்செட் மாட்டிவிட்டு, இறக்கைகளைத் தரையோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தான். முக்கால் மணி நேரத்தில் மழை கொட்டியது.

உங்கள் மைத்துனர் நல்ல விமானிதானா என்பதை அவர் பறந்த மணிக்கணக்கு சொல்லாது. கடைசியாக எப்போது போகாமல் திரும்பி வந்தார் என்று கேளுங்கள். யோசித்துச் சொன்னால் போங்கள், பிறந்தநாள் அல்லாத ஒரு நாளில், அரைமணி நேரம். அப்படி நடந்ததே இல்லை என்று மார்தட்டினால் காரில் போங்கள்.

மனைவிக்கு என்ன புரியவைக்கப் போகிறீர்கள்? உங்கள் வீட்டில் யோசிப்பவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள் ஐயா.

என் மகள் இன்றும் அன்றைக்குப் பறந்ததாகத்தான் சொல்கிறாள். மேலே மேகத்துக்குள் நீல நிறத்தில் தண்ணீர் இருந்ததாம்.