செயற்றிட்ட முகாமைத்துவமும் மென்பொருள் உருவாக்க முறையும் ஒன்றா?

ஸ்க்ரம் (மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாக உருவாக்கும் ஒரு முறை) படித்தால் செயற்றிட்ட முகாமைத்துவமும் படித்தது போலாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது.

திருகோணமலையிலிருந்தே ஓர் உதாரணம் எடுப்போம். நிலாவெளியில் ஒரு விடுதிக்காரர் அறை முன்பதிவுச் செயலி கேட்கிறார் என்று வையுங்கள். மே மாதம் சுற்றுலாப் பருவம் தொடங்குமுன் அது வேண்டும். எவ்வளவு பணம், யார் யார் வேலைக்கு, விடுதி ஊழியர்களை யார் பழக்குவது, இணையம் விழுந்தால் என்ன செய்வது, இவையெல்லாம் செயற்றிட்ட முகாமைத்துவம். விடுதிக்குப் பதில் ஒரு பாலம் கட்டினாலும் இதே கேள்விகள்தான் வரும்.

உருவாக்க முறை மென்பொருளுக்குள் நிற்பது: தேவையைக் கேட்பது, வடிவமைப்பது, நிரல் எழுதுவது, சோதிப்பது, பிறகு பராமரிப்பது. இவற்றை எந்த ஒழுங்கில் செய்வது என்பதில்தான் ஒவ்வொரு படியையும் முடித்துவிட்டே அடுத்ததற்குப் போகும் வாட்டர்ஃபால், சிறு சுற்றுகளாகத் திரும்பத் திரும்பச் செய்யும் அஜைல் எல்லாம் பிரிகின்றன. ஸ்க்ரம் அஜைல் வகையைச் சேர்ந்தது. வாட்டர்ஃபாலின் மூலமாகக் காட்டப்படும் கணினி அறிவியலாளர் வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையே, சோதனையைக் கடைசியில் வைக்கும் ஒருவழிப் போக்கு ஆபத்தானது என்று எச்சரித்தது. பலர் எச்சரிக்கையை விட்டுவிட்டு, கட்டுரையில் அந்தப் போக்கைக் காட்டும் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இன்னும் வருத்தம் தரும் விடயம் இது.

குழப்பம் வருவது ஸ்க்ரமில்தான். அதில் செயற்றிட்ட முகாமையாளர் என்ற பொறுப்பே கிடையாது. ஆனால் விடுதிக்காரரின் பணத்துக்கும் மே மாதத்துக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டுமே! அப்புறம் இன்னொன்று: செயலி கைக்கு வந்ததும் செயற்றிட்டம் முடிகிறது. மென்பொருளின் வாழ்க்கை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.