தோற்று வந்த அணியில் யாரைத் தூக்குவது, யாரை வைப்பது? கேள்வி பதில்

2024-25 ஆஸ்திரேலியப் பயணத்தில் டெஸ்ட் கிரிக்கெட் தொடரை இந்தியா 1-3 என்று தோற்றது. சில மாதங்கள் கழித்து இங்கிலாந்துக்குப் போன அணியில் சில முகங்கள் வேறு. அந்தத் தொடர் 2-2 என்று முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் தேர்வுக் குழு செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். உள்ளூர் போட்டிகளின் ஸ்கோர் அட்டையை விடாமல் பார்க்கிறவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். சில கேள்விகளில் இருந்த வசவுகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

கேள்வி (சேலம்): ஆஸ்திரேலியாவில் அத்தனை பேரும் சொதப்பினார்கள். மொத்த அணியையும் கலைத்திருக்க வேண்டாமா சார்?

அத்தனை பேரும் சொதப்பவில்லை. பும்ரா ஐந்து டெஸ்டில் 32 விக்கெட் எடுத்தார், சராசரி 13 சொச்சம். ஜெய்ஸ்வால் 391 ரன். பெர்த் டெஸ்டை 295 ரன் வித்தியாசத்தில் ஜெயித்த அணி அது.

சொதப்பியவர்களில் ஒருவரைச் சொல்கிறேன். மூன்று டெஸ்டில் ஐந்து இன்னிங்ஸ் ஆடி மொத்தம் 93 ரன். மெல்போர்னில் லெவனிலிருந்தே, அதாவது களத்தில் ஆடும் பதினொருவரிலிருந்தே, நீக்கினார்கள். அவர் பெயர் ஷுப்மன் கில். 2025 மே 24 அன்று அவரைத்தான் டெஸ்ட் கேப்டனாக அறிவித்தார்கள். இங்கிலாந்தில் 754 ரன் அடித்தார். எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் மட்டும் 269, 161. ஜனவரியில் உங்கள் யோசனைப்படி செய்திருந்தால் அந்த ரன்களை யார் அடித்திருப்பார்?

இது முதல்முறையும் இல்லை. 2014-ல் இங்கிலாந்தில் கோலி பத்து இன்னிங்ஸில் 134 ரன் எடுத்தார். அதே ஆண்டு கடைசியில் ஆஸ்திரேலியா போய் நான்கு சதம் அடித்தார். தோற்ற தொடரின் கணக்கை வைத்துத் தண்டனை கொடுக்கக் கிளம்பினால் அடுத்த தொடருக்கு ஆள் இருக்காது. தேர்வாளர் பார்க்க வேண்டியது அடுத்த ஊரின் ஆடுகளத்தையும், அணியில் காலியாக இருக்கும் இடத்தையும்தான்.

கேள்வி (திருச்சி): நல்லா இருக்கே! அப்படியென்றால் ரோஹித்துக்கும் கோலிக்கும் அதே நியாயம் கிடையாதா?

நியாயமான கேள்வி. அதிகாரபூர்வமாக இருவரையும் யாரும் நீக்கவில்லை. மே 7 அன்று ரோஹித்தும், மே 12 அன்று கோலியும் டெஸ்டிலிருந்து தாங்களே ஓய்வு அறிவித்தார்கள். உள்ளே என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் கில்லின் 93-ஐயும் இவர்களுடைய ரன்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ரோஹித் ஆஸ்திரேலியாவில் ஐந்து இன்னிங்ஸில் 31. அதற்கு முன் சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 0-3 என்று தோற்ற தொடரில் ஆறு இன்னிங்ஸில் 91. வயது 37. சிட்னி டெஸ்டில் கேப்டனான அவரே ஆடாமல் வெளியே உட்கார்ந்துகொண்டார். கோலி பெர்த்தில் சதம் அடித்தார், சரி. மற்ற எட்டு இன்னிங்ஸிலும் கீப்பரிடமோ ஸ்லிப்பிலோ கேட்ச். ஒரே விதமாக எட்டு முறை அவுட்டானால் அதை ஃபார்ம் இல்லை என்று சொல்லிக் கடக்க முடியாது. எதிரணி வழியைக் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். இருபத்தைந்து வயதுக்காரர் அதைத் திருத்த நேரம் இருக்கிறது. முப்பத்தாறில்?

கேள்வி (வேலூர்): தோல்விக்குப் பிறகு எல்லாரும் உள்ளூர் ரஞ்சிக் கோப்பையில் ஆட வேண்டும் என்று கிரிக்கெட் வாரியம் உத்தரவு போட்டதே, அதனால் பலன் உண்டா?

ஒரே ஒரு ஆட்டத்தில் வந்து ஆடிவிட்டுப் போவது சடங்கு. ரோஹித் மும்பைக்காக ஜம்மு காஷ்மீருக்கு எதிராக 3, 28. கோலி டெல்லிக்காக ரயில்வேக்கு எதிராக 6 ரன்னில் போல்டு. கூட்டம் வந்தது, ரஞ்சிக்கு ஒருநாள் திருவிழா நடந்தது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. முழு சீசன் ஆடுகிறவனைத் திரும்பிப் பார்ப்பதுதான் ரஞ்சிக்குத் தரும் மரியாதை.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): அண்ணா, ஸ்குவாடை எடுப்பது யார், லெவனை எடுப்பது யார்? எல்லாத்துக்கும் அகர்கரையே திட்டுகிறார்களே.

ஸ்குவாடை, அதாவது தொடருக்கான மொத்த வீரர் பட்டியலை, எடுப்பது ஐந்து பேர் கொண்ட தேர்வுக் குழு. 2023 ஜூலையிலிருந்து அதன் தலைவர் அஜித் அகர்கர். தேர்வாளராக வர 7 டெஸ்ட் அல்லது 30 முதல்தரப் போட்டிகளாவது ஆடியிருக்க வேண்டும். 10 ஒருநாள் போட்டிகளோடு 20 முதல்தரப் போட்டிகள் இருந்தாலும் போதும். ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இங்கிலாந்து அணியை எடுத்த குழுவில் நம்ம எஸ். சரத் இருந்தார். தமிழ்நாட்டுக்காக ரன்களாகக் குவித்தும் இந்தியாவுக்கு ஒரு போட்டிகூட ஆடக் கிடைக்காத மனிதர். கதவு திறக்காத வலி தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பது நல்லதுதான் என்பேன்.

கேப்டனும் பயிற்சியாளரும் கருத்து சொல்வார்கள், ஓட்டு கிடையாது. பயணத்தில் லெவனை முடிவு செய்வது அவர்கள். ஆகவே குல்தீப் யாதவ் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டிலும் வெளியே உட்கார்ந்ததற்கு அகர்கரைத் திட்டாதீர்கள். அவர் குல்தீப்பை எடுத்துத்தான் அனுப்பினார்.

கேள்வி (கோவை): அஷ்வினை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி. உங்கள் கட்சி?

அவமானம் என்பது அவர் சொல்ல வேண்டிய சொல். நான் பார்த்தது குழப்பம். பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டில் அஷ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்ட், மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள். ஆஸ்திரேலியாவில் எந்த வேலைக்கு ஸ்பின்னர் வேண்டும் என்று புறப்படும் முன்பே முடிவு செய்யாதபோது இப்படித்தான் நடக்கும். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் தொடரின் நடுவில், பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு ஓய்வு அறிவித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். அதை யாரும் நல்ல திட்டமிடல் என்று சொல்ல முடியாது.

கேள்வி (பெங்களூரு): கருண் நாயருக்கு மறுவாய்ப்பு கொடுத்தது சரியா? கொடுத்துவிட்டு உடனே பறித்தது சரியா?

கொடுத்தது சரி. கொடுத்த விதமும் பறித்த வேகமும்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலிலிருந்து வருவோம். 2016 டிசம்பரில் நம்ம சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303. அடுத்த டெஸ்டில் காயம் சரியாகி ரஹானே திரும்பினார், கருணுக்கு இடமில்லை. பிறகு ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சில இன்னிங்ஸ் கிடைத்து, அதில் ரன் வராமல், கதவு சாத்தப்பட்டது. 2018 இங்கிலாந்துப் பயணம் இதைவிட மோசம். தொடர் முழுக்க ஸ்குவாடில் உட்கார்ந்திருந்தார். கடைசி இரண்டு டெஸ்டுக்கு ஹனுமா விஹாரியை ஊரிலிருந்து வரவழைத்து, ஓவலில் அவரை ஆடவைத்தார்கள். விஹாரி 56 அடித்தார், அவர் மேல் குறை இல்லை. ஆனால் ஏற்கெனவே அங்கே இருப்பவனைத் தாண்டி ஒருவரை விமானத்தில் அழைத்தால், இருப்பவனுக்கு நீங்கள் சொல்லும் செய்தி என்ன? அந்தத் தொடரும் 1-4 தோல்வி. அடுத்த அணியிலிருந்து, ஒரு பந்துகூட ஆடாத கருணும் காணாமல் போனார். தோல்விக்குப் பழி சுமப்பதற்கு ஆடியிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை போல.

பிறகு கர்நாடக அணியிலும் இடம் போய், விதர்பாவுக்கு மாறி, 2024-25 ரஞ்சியில் 863 ரன் அடித்தார். விதர்பா கோப்பையை வென்றது. நடுவில் நார்த்தாம்ப்டன்ஷயருக்காக இங்கிலாந்தின் உள்ளூர் போட்டியான கவுன்டி ஆடி, அங்கே பயன்படுத்தும் டியூக்ஸ் பந்தையும் பழகியிருந்தார். இங்கிலாந்துப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான மனு என்ன வேண்டும்? டெஸ்ட் தொடருக்கு முன் இந்தியாவின் இரண்டாம் நிலை அணியான இந்தியா ஏ அணிக்காக கேன்டர்பரியில் 204 வேறு.

அப்புறம் நடந்தது தெரியுமே. லீட்ஸில் பேட்டிங் வரிசையில் ஆறாம் இடம். அடுத்த இரண்டு டெஸ்டில் மூன்றாம் இடம். ஓல்டு டிராஃபோர்டில் வெளியே. ஓவலில் மறுபடி உள்ளே, முதல் இன்னிங்ஸில் மற்றவர்கள் தடுமாறியபோது 57. மொத்தம் நான்கு டெஸ்டில் 205 ரன். பலமுறை இருபது, முப்பது, நாற்பது வரை வந்து அவுட்டானார். அது அவர் குறைதான், மறைக்கவில்லை. வெஸ்ட் இண்டீஸ் தொடருக்கு அணியை அறிவித்தபோது அவரிடம் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தோம் என்ற பொருளில் அகர்கர் பேசினார். எட்டு ஆண்டு காத்திருந்தவருக்கு ஓர் இடத்தைக் கொடுத்து, அதே இடத்தில் ஐந்து டெஸ்டும் ஆடவிட்டு, அதன் பிறகு நீக்கியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

கேள்வி (தஞ்சாவூர்): நம்ம பையன் என்றாலும் கேட்கிறேன். சாய் சுதர்சனை ஐபிஎல் ரன்னுக்காகத்தானே எடுத்தார்கள்?

ஐபிஎல் உதவியது, மறுக்க முடியாது. 2025-ல் 759 ரன் அடித்து, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். அவர் தேர்வான நேரத்தில் முதல்தரப் போட்டிகளில் சராசரி 40-ஐத் தொடவில்லை. ஆனால் தேர்வாளர்கள் அதை மட்டும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சர்ரே அணிக்காக இங்கிலாந்தில் ஆடியிருக்கிறார். 2024-ல் ஆஸ்திரேலியாவில் மெக்காய் நகரில் இந்தியா ஏ அணிக்காகச் சதம் அடித்தார். பந்து எழும்பும் இடத்திலும், ஸ்விங் ஆகும் இடத்திலும் ஆடிப் பார்த்த அனுபவம் இருந்தது. லீட்ஸில் முதல் இன்னிங்ஸில் பூஜ்ஜியம், ஒரே டெஸ்டோடு நீக்கம், ஓல்டு டிராஃபோர்டில் திரும்பி வந்து 61. பார்த்தீர்களா, மூன்றாம் இடத்தை இவருக்கும் கருணுக்கும் நடுவில் உருட்டியதில் இருவருக்கும் நஷ்டம்.

கேள்வி (கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழர்): அபிமன்யு ஈஸ்வரன்?

100-க்கும் மேல் முதல்தரப் போட்டிகள். ஆஸ்திரேலியாவுக்கும் போனார், இங்கிலாந்துக்கும் போனார், இரண்டிலும் ஒரு டெஸ்ட் கிடைக்கவில்லை. இவர் சர்வதேசத் தரம் இல்லை என்று நினைத்தால் எடுக்காதீர்கள். எடுத்தால் ஆடவையுங்கள். வேறு என்ன சொல்ல?

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, உங்கட நாட்டில் அமைச்சர் தலையிடுறேல்லையோ? இங்க அணிப் பட்டியலுக்கு அவர் கையெழுத்து வேணும்.

இங்கே அப்படிச் சட்டம் இல்லை. உங்கள் நாட்டில் 1973-ம் ஆண்டு விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 2017 டிசம்பரில் இந்தியாவுக்கு ஒருநாள் தொடருக்குக் கிளம்பிய திசர பெரேரா உள்ளிட்ட ஒன்பது பேரை அமைச்சர் ஒப்புதல் தரவில்லை என்று நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கும்.

அதற்காக இங்கே எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை. 2011-ல் இங்கிலாந்தில் 0-4, அடுத்து ஆஸ்திரேலியாவில் 0-4. தோனியிடமிருந்து கேப்டன் பதவியை எடுக்கத் தேர்வுக் குழு முடிவு செய்ததாகவும், வாரியத் தலைவர் சீனிவாசன் அதற்கு ஒப்புதல் தரவில்லை என்றும் அப்போது தேர்வாளராக இருந்த மொஹிந்தர் அமர்நாத் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியதை சீனிவாசனும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். குழுத் தலைவர் ஸ்ரீகாந்த், வாரியத் தலைவர் சீனிவாசன், இருவரும் சென்னை. தோனி அதன் பிறகு 2013 சாம்பியன்ஸ் கோப்பையை ஜெயித்தார், அதனால் அந்த வழி சரியாகிவிடாது.

கேள்வி (மூத்த ரசிகர், மயிலாப்பூர்): தம்பி, வெங்கட்ராகவனுக்கு நடந்ததை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சொல்கிறேன் ஐயா. 1974 டிசம்பரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக டெல்லி டெஸ்ட். கேப்டன் பட்டோடிக்குக் காயம், கவாஸ்கருக்கும் விரலில் அடி. அதனால் சுழற்பந்து வீச்சாளர் வெங்கட்ராகவன் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பட்டோடி திரும்பியதும் வெங்கட் லெவனிலேயே இல்லை! முந்தின டெஸ்டின் கேப்டன் இந்த டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள்.

வெங்கட் கேப்டனாகப் போன 1979 இங்கிலாந்துப் பயணம் அதைவிடக் கொடுமை. உலகக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, டெஸ்ட் தொடர் 0-1. ஆனால் கடைசி ஓவல் டெஸ்டில் 438 இலக்கை விரட்டி 8 விக்கெட்டுக்கு 429 எடுத்த அணி அது, கவாஸ்கர் 221. ஊர் திரும்பும் விமானத்தில், கவாஸ்கர்தான் இனி கேப்டன் என்று விமானியின் அறிவிப்பு வந்தது. கேப்டனை மாற்றுவது தேர்வாளர்களின் உரிமை. அதை அவரிடம் நேரில் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் கேவலம்.

கேள்வி (புதுச்சேரி): பும்ராவை மூன்று டெஸ்டுக்கு மட்டும் என்று எடுத்தது சலுகைதானே?

ஆஸ்திரேலியாவில் 150 ஓவருக்கு மேல் வீசவைத்து, சிட்னியில் முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் வெளியே போனதும் கடைசி இன்னிங்ஸில் வீச ஆள் இல்லாமல் நின்றோம். அதிலிருந்து கற்ற பாடம் இது, சலுகை இல்லை. இங்கிலாந்தில் இந்தியா ஜெயித்த எட்ஜ்பாஸ்டன், ஓவல் இரண்டிலுமே அவர் ஆடவில்லை. அதைக் காட்டி பும்ரா வேண்டாம் என்று கிளம்பாதீர்கள். ஆகாஷ் தீப்பின் பத்து விக்கெட்டையும், ஐந்து டெஸ்டும் ஓடிக் களைக்காத சிராஜின் 23 விக்கெட்டையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாமக்கல்): நீங்கள் தேர்வாளராக இருந்திருந்தால் ஜனவரி மாதமே என்ன செய்திருப்பீர்கள்?

மூன்றாம் இடத்துக்கு ஒருவரை அப்போதே முடிவு செய்து, ஏப்ரலில் கவுன்டிக்கு அனுப்பியிருப்பேன். முன்னுதாரணம் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் 1-2 என்று தோற்றதும் புஜாராவையும் ரஹானேவையும் நீக்கினார்கள். ஐபிஎல் ஏலத்தில் புஜாராவை யாரும் எடுக்கவில்லை. அவர் சசெக்ஸ் கவுன்டி அணிக்குப் போய் இரட்டைச் சதங்களாக அடித்து, ஜூலையில் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டுக்குத் திரும்பி வந்தார். நீக்கப்பட்டவருக்குத் திரும்பும் வழி தெளிவாக இருந்தது, அவரும் அதில் நடந்தார்.

இப்போது சிக்கல் என்னவென்றால், ஏலத்தில் விலை போன எவரும் ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்து போக முடியாது. 2025-ல் ஐபிஎல் இறுதிப் போட்டி ஜூன் 3, லீட்ஸ் டெஸ்ட் ஜூன் 20. நடுவில் இருந்த பதினேழு நாளில்தான் நம் பையன்கள் டியூக்ஸ் பந்தைப் பழக வேண்டியிருந்தது. அந்த அட்டவணை தேர்வுக் குழுவின் கையில் இல்லை.