கடைசிக் கச்சேரி என்கிறார்கள், டிக்கெட் வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்குக் கல்லூரி நாளிலிருந்தே பழைய ராக் குழுக்கள் என்றால் உயிர். அவருக்குப் பிடித்த குழு ஒன்று இப்போது ஃபேர்வெல் டூர் அறிவித்திருக்கிறது. நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சியிலேயே ஆரம்பத்தில் ஒரு தேதி இருக்கிறது. ஆனால் அவருக்கு லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கும் கடைசி இரவுதான் வேண்டுமாம். இருவருக்கும் டிக்கெட்டே 900 டாலர், விமானமும் ஹோட்டலும் தனி. உண்மையிலேயே இதுதான் கடைசியா? இவ்வளவு செலவு செய்யலாமா?

பதில்: கடைசி என்று அந்தக் குழுவே சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம். மோட்லி க்ரூ என்ற ராக் குழு 2014-ல், இனி டூர் போக மாட்டோம் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் ஒப்பந்தமே போட்டுக் காட்டியது. 2015 டிசம்பர் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கடைசிக் கச்சேரியும் நடந்தது. 2022-ல் பார்த்தால் ஸ்டேடியம் ஸ்டேடியமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிஸ் என்ற இன்னொரு குழு 2000-ல் ஒரு முறை விடைபெற்றது. 2019-ல் மறுபடி விடைபெற ஆரம்பித்து, அதை 2023 டிசம்பர் வரை இழுத்தது. நியூயார்க்கில் அந்தக் கடைசி இரவு மேடையிலேயே, இனி எங்கள் டிஜிட்டல் உருவங்கள் வரும் என்று அடுத்த வியாபாரத்தையும் அறிவித்துவிட்டார்கள்!

சரி, திரும்பி வந்தால் உங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நஷ்டம் வருவது அவர்களுடைய வயதால். ஏரோஸ்மித் குழு 2023 செப்டம்பர் 2 அன்று ஃபிலடெல்ஃபியாவில் தன் ஃபேர்வெல் டூரைத் தொடங்கியது. ஒரே வாரத்தில், நியூயார்க் கச்சேரியில், 75 வயதுப் பாடகர் ஸ்டீவன் டைலருக்குக் குரல்வளையில் காயம். ஒத்திவைத்தார்கள், புதுத் தேதி கொடுத்தார்கள், கடைசியில் 2024 ஆகஸ்டில் இனி டூரே கிடையாது என்று முடித்துக்கொண்டார்கள். டிக்கெட்மாஸ்டர் என்ற டிக்கெட் விற்கும் தளத்தில் வாங்கியவர்களுக்குப் பணம் தானாகவே திரும்பியது. வேறு இடத்தில் வாங்கியவர்கள் அந்த இடத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது. விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் கட்டிய பணத்துக்குக் குழுவும் பொறுப்பில்லை, டிக்கெட் விற்றவரும் பொறுப்பில்லை. அந்த டூரை நிஜமாகவே பார்த்தவர்கள் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்தவர்கள் மட்டும்தான்.

அதனால் நியூ ஜெர்சி தேதியை எடுங்கள். கடைசி இரவில் நானும் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குத்தான் அன்றைக்கு விலையும் ஏறும். உங்கள் வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தால், ரத்து செய்தால் பணம் திரும்பும் ஹோட்டலாகப் பார்த்துப் போடுங்கள். விமான டிக்கெட்டும் தேதி மாற்ற முடிகிற வகையாக இருக்கட்டும்.

அந்த 900 டாலர் எந்த வகை டிக்கெட் என்றும் பாருங்கள். ‘ஆஃபீஷியல் பிளாட்டினம்’ என்று போட்டிருந்தால், பெயரைப் பார்த்து விசேஷச் சலுகை ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதே இருக்கைதான், கிராக்கிக்கு ஏற்ப விலை மட்டும் ஏறி இறங்கும். கச்சேரி நெருங்கும்போது இறங்குவதும் உண்டு, அவசரப்பட வேண்டாம். இன்னொன்று: 2025 மே 12 முதல் அமெரிக்காவில் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்டியாக வேண்டும். கடைசிப் பக்கத்தில் சர்வீஸ் ஃபீ என்று புதிதாக ஒன்று முளைத்தால் அங்கே வாங்காதீர்கள்.

அப்புறம், ரத்து வேறு, ஒத்திவைப்பு வேறு. ஒத்திவைத்தால் பழைய டிக்கெட் புதுத் தேதிக்குச் செல்லும். வர முடியாதவர்கள் பணம் கேட்க சில நாள் கெடுதான் தருவார்கள், அதுவும் மின்னஞ்சலில் வரும். ஸ்பாம் பெட்டியையும் ஒரு பார்வை பாருங்கள்.

கேள்வி: விற்றுத் தீர்ந்த கச்சேரி ஒன்றுக்கு, வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பாதி விலைக்கு டிக்கெட் தருகிறார். ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவாராம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இப்போது பல பெரிய அரங்குகளில் டிக்கெட்டின் பார்கோடு சில விநாடிக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும், படம் எடுத்து வைத்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நிஜமாகவே டிக்கெட் வைத்திருப்பவர் என்றால் டிக்கெட் விற்ற தளத்தின் செயலி வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அது வந்து சேர்ந்த பிறகு பணம் கொடுங்கள். முதலில் பணம் என்று அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள்.