ஓசோன் வைத்தால் அப்பாவின் கால் புண் ஆறுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 61 வயது, ரொம்ப வருஷமாகச் சுகர். வலது கால் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஒரு புண், இரண்டு மாசமாக ஆறவில்லை. வலியே இல்லை என்று சொல்லி தினமும் கடைக்குப் போகிறார். பாண்டிச்சேரியில் ஓர் இடத்தில் காலைப் பைக்குள் வைத்து ஓசோன் விட்டால் விரலை எடுக்காமலே காப்பாற்றலாம் என்கிறார்கள். கூட்டிப் போகலாமா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது 'வலியே இல்லை' என்ற வரிதான். நரம்பு மரத்துப்போன கால் அது. உணர்ச்சி இருக்கிற காலில் முள் குத்தினாலே நொண்டுவோம், அந்த இடத்தை ஊன்ற மாட்டோம். உங்கள் அப்பாவோ ஒவ்வோர் அடியிலும் உடம்பு பாரத்தை அந்தப் புண் மேலேயே இறக்குகிறார், மேலே எந்த மருந்தை வைத்தாலும் நடக்க நடக்க எல்லாம் வீணாகிறது. புண்ணைச் சுற்றி வெள்ளையாக, தடிப்பாகத் தோல் காய்த்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த விளிம்பே உள்ளே அழுத்தும். அதை டாக்டர்தான் சீவி எடுக்க வேண்டும், வீட்டில் பிளேடு வைக்காதீர்கள், கால் ஆணி பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த பால் பிராண்ட், மரத்த கால் புண்ணுக்கு அழுத்தம்தான் பெரிய எதிரி, பாரத்தை எடுத்தால் ஆறும் என்று மாவுக்கட்டுப் போட்டே காட்டினார். சுகர் கால் புண்ணுக்கும் இன்று உலகம் முழுக்க அதே வழிதான்: பாதத்தோடு ஒட்டி முழங்காலுக்குக் கீழ் வரை கட்டு. ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ சீழ் பிடித்திருந்தாலோ உடனே போட முடியாது, அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

சரி, ஓசோன். கிருமியைக் கொல்லும் வாயு அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2015ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு தேடியபோது சிக்கிய ஆய்வுகளே மூன்று, மொத்தம் 212 நோயாளிகள். ஓர் ஆய்வில் ஆன்டிபயாடிக்கைவிடப் புண்ணின் பரப்பு கூடுதலாகச் சுருங்கியது, முழுசாக ஆறியவர்கள் கூடினார்கள் என்று மட்டும் காட்ட முடியவில்லை, ஆய்வுகளின் தரமும் போதவில்லை. சுகர் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல் 2023லும் புண் ஆற ஓசோன் வேண்டாம் என்றே சொல்கிறது. பையில் கசிந்து மூச்சில் போனால் நுரையீரலுக்கும் கெடுதல். அழுத்த அறையில் ஆக்ஸிஜன் கொடுப்பது வேறு சிகிச்சை, இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த வாரமே மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கூட்டிப் போங்கள். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா, ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் வேண்டுமா, எலும்பு வரை கிருமி போயிருக்கிறதா, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எலும்பில் பிடித்திருந்தால் ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் தேவைப்படும், கிருமித்தொற்றே இல்லையென்றால் மாத்திரையே வேண்டாம். வாராவாரம் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். நாலு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் வைத்தியத்தை மாற்றச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. செவப்பு பரவினால், நாற்றம் வந்தால், விரல் கறுத்தால், குளிர்ஜுரம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

கடையை யாராவது பார்த்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் ஸ்டூல் போட்டு உட்காரட்டும். பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு சுற்றுவதும், வெந்நீரில் காலை ஊறவைப்பதும் கூடவே கூடாது, கல் சுடுவதே அவருக்குத் தெரியாது. புண் ஆறினாலும் ஒரு வருஷத்துக்குள் நூற்றில் சுமார் 40 பேருக்குத் திரும்ப வருகிறது, அதனால் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு அளவெடுத்துப் போட வேண்டும், வீட்டுக்குள்ளேயும்தான்.

அப்புறம், இன்றைக்கே அவருடைய இடது காலையும் திருப்பி விரலிடுக்கு வரை பாருங்கள், அதுவும் மரத்துத்தான் இருக்கும்.